பரணில் கிடக்கும் அரசு லேப்டாப்

2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டம், அடுத்த பத்து ஆண்டுக்குள் தமிழ்நாட்டுப் பிள்ளைகள் கையில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட லேப்டாப்களைக் கொடுத்தது. தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் பக்கம் அந்த ஆண்டுகளில் பிளஸ் டூ படித்த பிள்ளை இருந்த வீட்டில் இப்போது கேட்டுப் பாருங்கள். பரணிலோ பீரோ தலையிலோ ஒன்று இருக்கும். பாட்டரி செத்திருக்கும், கீபோர்டில் இரண்டு எழுத்து தேய்ந்திருக்கும், வாங்கிய பிள்ளை ஓசூரிலோ சிங்கப்பூரிலோ வேலையில் இருக்கும். கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்குப் புதிதாகக் கணினி தரப்போவதாக 2025-26 நிதிநிலை அறிக்கை சொன்னது. பழையது பரணில் இன்னும் உள்ளே தள்ளப்படும் என்றுதான் அதற்குப் பொருள்.

இதைக் கொண்டு வீட்டுக்கு ஒரு மீடியா சர்வர் செய்யலாம் என்பது கணினிக்காரர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் யோசனை. படம், பாட்டு, போட்டோ எல்லாவற்றையும் பழைய கணினியின் ஹார்ட் டிஸ்க்கில் போட்டுவிட்டு, வீட்டு வைஃபை வழியாக டிவியிலும் செல்போனிலும் பார்ப்பது. மாதம் ஒரு ரீசார்ஜில் கைபேசியிலேயே எல்லாம் ஓடும்போது இது எதற்கு என்று கேட்பவர்களும் உண்டு. இரண்டு பக்கமும் பாதி உண்மை இருக்கிறது. சினிமா பார்ப்பதற்காக மட்டும் இந்த வேலையில் இறங்குகிறவர் மூன்று மாதத்தில் சலித்துவிடுவார். ஆனால் காவிரி டெல்டா வீடுகளில் சினிமா அல்லாத சரக்கு ஏராளம் கிடக்கிறது. அதற்கு வேறு இடமே கிடையாது என்பதால்தான் இந்தக் கேள்வியை எடுத்துப் பேச வேண்டியிருக்கிறது.

கொஞ்சம் பின்னோக்கிப் போக வேண்டும். 2006-இல் தொடங்கிய இலவசக் கலர் டிவியோடு சிற்றூர்களில் விசிடி பிளேயரும் கூடவே நுழைந்தது. 2008-இல் அரசு கேபிள் நிறுவனம் முதலில் தலைமை நிலையங்களை அமைத்த ஊர்களில் தஞ்சாவூரும் ஒன்று. அதற்கு முன்பே கேபிள்காரர்கள் ஆளுக்கொரு உள்ளூர் சேனல் வைத்திருந்தார்கள். விசிஆரில் தொடங்கி, விசிடிக்கு மாறி, கடைசியில் ஒரு பழைய கணினியில் வரிசை போட்டு ஓட்டினார்கள். மீடியா சர்வர் என்ற பெயர் தெரியாமலே டெல்டாவில் ஓடிய முதல் மீடியா சர்வர்கள் அவைதான் என்பேன். பிறகு மெமரி கார்டு காலம். பஸ் ஸ்டாண்டை ஒட்டிய செல்போன் கடையில் பத்து, இருபது ரூபாய் கொடுத்தால் கார்டு நிறையப் பாட்டு ஏற்றிக் கொடுப்பார்கள். கியூபாவில் இதே வேலை நாடு தழுவிய ஏற்பாடாக நடந்தது. இணையம் எட்டாத வீடுகளுக்கு வாராவாரம் ஹார்ட் டிஸ்க்கில் ஏறக்குறைய ஒரு டெராபைட் படமும் தொடரும் செய்தியும் கைமாறிக்கொண்டிருந்தன. 2016 செப்டம்பரில் ஜியோ வந்ததும் நம் ஊர்க் கடைகளில் அந்தத் தொழில் படுத்துவிட்டது. வீட்டில் சேர்த்து வைக்கும் பழக்கமும் அதோடு போயிற்று.

இனி இயந்திரத்துக்கு வருவோம். பழைய கணினி என்றதும் எல்லாம் ஒன்றல்ல. முதலில் பார்க்க வேண்டியது கரண்ட் கணக்கு. பென்டியம் 4 காலத்து டவர் கணினி சும்மா இருக்கும்போதே 80 வாட் அளவு இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் இரண்டு மாதத்தில் 115 யூனிட். 2016 முதல் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் கட்டணமில்லை என்று வந்ததே, அந்தச் சலுகை முழுவதையும் இந்த ஒரு பெட்டி தின்றுவிட்டு மேலும் கேட்கும். லேப்டாப் திரையை அணைத்து வைத்தால் 15 வாட்டுக்குள் அடங்கும். இரண்டு மாதத்துக்கு 22 யூனிட் கூட ஆகாது. டவர்தான் கையில் இருக்கிறது என்றால் மாலையில் ஐந்து மணி நேரம் மட்டும் போட்டு அணைக்கலாம். அப்போது செலவு 24 யூனிட்டில் நிற்கும், அதாவது லேப்டாப்பின் முழுநேரச் செலவுக்கு ஏறக்குறையச் சமம். புதிதாகச் சிறு பலகைக் கணினி வாங்கினால் ஐந்து வாட்டில் வேலை முடியும் என்பார்கள். உண்மைதான், ஆனால் அது வாங்குகிற கதை. இங்கே பேச்சு இருப்பதை வைத்துச் செய்வது.

லேப்டாப்புக்கு இன்னொரு தகுதி, பாட்டரி. குறுவைக்கு நாற்று விடும் சமயத்தில் ஊரில் உள்ள போர் மோட்டார்கள் ஒன்றாக ஓடத் தொடங்கினால் வீட்டில் டியூப் லைட் கண் சிமிட்டும். கரண்ட் போய்ப் போய் வரும். பாட்டரி அரைமணி நேரம் தாங்கினாலே போதும், டிஸ்க்கில் எழுதிக்கொண்டிருக்கும்போது பட்டென்று நிற்கிற ஆபத்து இல்லை. பரணில் கிடந்த லேப்டாப்பில் இது பெரும்பாலும் செத்திருக்கும். சில உப்பியிருக்கும். உப்பிய பாட்டரியை ஒரு நாள்கூட உள்ளே விட்டுவைக்கக் கூடாது. கழற்றி, குத்தாமல் வளைக்காமல், மின்கழிவு எடுக்கும் இடத்தில் கொடுத்துவிட வேண்டும். வீட்டு இன்வர்ட்டரில் இணைப்பதானால் அதன் பின்பக்கத்தில் உள்ள பட்டனை யூபிஎஸ் நிலைக்கு மாற்றுங்கள். சாதாரண நிலையில் மின்சாரம் மாறும் அந்தக் கண நேரத்தில், பாட்டரி இல்லாத லேப்டாப் அணைந்து எழும். பலர் இதைக் கவனிக்காமல் சர்வரே சரியில்லை என்று மூட்டை கட்டிவிடுகிறார்கள்.

அரசு லேப்டாப்பில் விண்டோஸ் 7-உடன் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் உருவாக்கி 2007-இல் வெளியிட்ட இயங்குதளம் அது. பிள்ளைகள் பெரும்பாலும் அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பத்தாண்டு கழித்துப் பார்த்தால் சரியான வழி அதுவாகத்தான் இருந்திருக்கிறது. விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரி 14-உடன் பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றன. 10-க்கு 2025 அக்டோபர் 14. எந்நேரமும் வீட்டு வலையமைப்பில் உட்கார்ந்திருக்கும் கணினியில் திருத்தம் நின்றுபோன விண்டோஸை வைத்திருப்பது அறிவுடைமை இல்லை. 2017 மே மாதம் உலகெங்கும் பரவிய வானாகிரை தாக்குதல், விண்டோஸ் கோப்புப் பகிர்வில் இருந்த ஓட்டை வழியாகத்தான் நுழைந்தது. ஆகவே டெபியன், மின்ட் போன்ற ஒரு லினக்ஸ். அதிலும் ஒரு கவனம்: டெபியன் 2025 ஆகஸ்டில் வெளியிட்ட 13-ஆம் பதிப்பில் 32-பிட் கணினிகளுக்கான நிறுவியே இல்லை. அரசு லேப்டாப்கள் 64-பிட் என்பதால் கவலையில்லை, பழைய டவர் வைத்திருப்பவர் முதலில் பார்த்துக்கொள்ளட்டும்.

மேலே ஓடும் மென்பொருளில் மூன்று வழி உண்டு. எளியது மினிடிஎல்என்ஏ. சோனியும் மற்ற நிறுவனங்களும் 2003-இல் கூடி வகுத்த டிஎல்என்ஏ என்ற பொது மொழியில் பேசும். அந்தக் கூட்டமைப்பு 2017-இல் கலைந்துவிட்டது, ஆனால் மொழி சாகவில்லை. ஸ்மார்ட் டிவிகள் பலவும் செல்போனில் உள்ள விஎல்சியும் இன்றும் அதைப் புரிந்துகொள்ளும். அரை ஜிபி நினைவகத்தில்கூட இது ஓடும். இரண்டாவது பிளெக்ஸ். அழகானது, ஆனால் நிறுவனத்தின் கணக்கு வழியாகத்தான் உள்ளே போக வேண்டும். வெளியூரிலிருந்து பார்ப்பதற்கு 2025 ஏப்ரல் முதல் காசு கேட்கிறார்கள். மூன்றாவது ஜெல்லிஃபின். எம்பி என்ற மென்பொருள் தன் நிரலைத் திறந்து வைப்பதை நிறுத்தியபோது, 2018 டிசம்பரில் அதிலிருந்து பிரிந்து வந்தது. கட்டணம் இல்லை, யாரிடமும் கணக்குத் தொடங்க வேண்டாம். சுவரொட்டி, நடிகர் பட்டியல், பாதியில் விட்ட இடத்திலிருந்து தொடர்வது எல்லாம் உண்டு. நான்கு ஜிபி நினைவகம் இருந்தால் ஜெல்லிஃபின், இரண்டு ஜிபிதான் என்றால் மினிடிஎல்என்ஏ. இதில் அதிகம் யோசிக்க ஒன்றுமில்லை.

யோசிக்க வேண்டியது வேறொன்று. பெறுகிற கருவிக்குப் புரியாத வடிவில் வீடியோ இருந்தால் சர்வர் அதை அந்த நேரத்திலேயே மாற்றிக் கொடுக்க முயலும். பழைய லேப்டாப் அங்கேதான் மூச்சுத் திணறும். விசிறி அலறும், படம் நின்று நின்று போகும். எச்இவிசி என்ற அடர்த்தியான வடிவத்தை வன்பொருளிலேயே முழுமையாகப் பிரிக்கும் திறன் இன்டெல் சில்லுகளுக்கு 2015-ஐ ஒட்டித்தான் வந்தது. ஆனால் இன்றைய சாதாரண செல்போனே அதை எளிதாகப் பிரித்துவிடும். எனவே மாற்றும் வேலையைச் சர்வரில் நிறுத்திவிட்டு, கோப்பை உள்ளபடியே அனுப்பச் சொல்ல வேண்டும். அனுப்புவது மட்டும்தான் வேலை என்றால் 2011 பென்டியம் நான்கு பேருக்குத் தாராளமாக அனுப்பும்.

கம்பியில்லாமல் அனுப்புவது என்பதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. லேப்டாப்பையும் வைஃபையில் இணைத்து, டிவியையும் வைஃபையில் இணைத்தால், ஒவ்வொரு துண்டும் சர்வரிலிருந்து ரவுட்டருக்கு ஒரு முறை, ரவுட்டரிலிருந்து டிவிக்கு ஒரு முறை என்று ஒரே காற்றில் இரண்டு தடவை பயணம் செய்கிறது. வேகம் பாதியாகும். பழைய லேப்டாப்பின் வைஃபை பெட்டியில் 150 எம்பிபிஎஸ் என்று போட்டிருந்தாலும் நடைமுறையில் 30, 40 கிடைத்தால் பெரிது. அதில் பாதி போனால் நல்ல தரப் படம் தடுமாறும். அதனால் சர்வரை ரவுட்டருக்குப் பக்கத்திலேயே வைத்து ஒரு முழக் கேபிளில் இணைத்துவிட வேண்டும். கம்பியில்லாத சர்வருக்கு முதல் தேவை ஒரு கம்பி.

ரவுட்டர் எங்கே என்பது அடுத்தது. தஞ்சாவூர், கும்பகோணம், மாயவரம் பக்கத்துப் பழைய வீடுகள் அகலம் குறைந்து நீளம் கூடியவை. திண்ணை, ரேழி, கூடம், முற்றம், அடுக்களை, கொல்லை என்று ரயில்பெட்டி மாதிரி போகும். சுண்ணாம்புக் காரை பூசிய செங்கல் சுவர் ஒன்றரை அடிகூட இருக்கும். கேபிள்காரர் வாசல் வழியாக ஃபைபர் இழுத்து, சிரமம் வேண்டாமென்று ரேழியிலேயே ரவுட்டரை மாட்டிவிட்டுப் போய்விடுவார். அடுக்களைக்குச் சிக்னல் வராது. முற்றத்தை ஒட்டிய கூடத்துத் தூணில் மாட்டினால், திறந்த முற்றமே அலைக்கு வழிவிடும். அங்கே சாரல் படாமல் பார்த்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஐப்பசி, கார்த்திகை இடிமழைக்கு ரவுட்டர், சர்வர் இரண்டின் பிளக்கையும் பிடுங்கிவிடுவது நல்லது. அறுவடை முடிந்து நெல் வீட்டுக்குள் வந்ததும் கூடவே வரும் எலிக்கு லேன் கேபிள் என்றால் தனிப் பிரியம். இதைக் கணினிப் புத்தகங்கள் எழுதுவதில்லை.

இவ்வளவும் செய்து உள்ளே என்ன வைப்பது? எனக்கு முக்கியமாகப் படுவது இந்தக் கேள்விதான். 1990-களுக்குப் பிறகு நடந்த கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கிரகப்பிரவேசம் எல்லாம் முதலில் விஎச்எஸ் கேசட்டில், பிறகு விசிடியில் இருக்கின்றன. 1992, 2004 மகாமகத்துக்கு யாரோ எடுத்த வீடியோ, தஞ்சைப் பெரிய கோயில் வாசலில் எடுத்த குடும்பப் படம், குலதெய்வக் கோயில் குடமுழுக்கு. வெளிநாட்டில் சம்பாதிக்கப் போன சபுராளிகள் சிங்கப்பூரிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் கடிதத்துக்குப் பதில் பேசி அனுப்பிய ஆடியோ கேசட்டுகள். நாயனக்காரர் வீடுகளில் திருவிழாக் கச்சேரிப் பதிவுகள். இவற்றில் ஒன்றும் எந்த நிறுவனத்தின் செயலியிலும் வராது. இருக்கிற ஒரே பிரதி பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது.

விசிடிதான் இவற்றில் சுலபம். தட்டைப் போட்டால் எம்பிஇஜிஏவி என்ற ஃபோல்டருக்குள் டேட் என்று முடியும் கோப்பு இருக்கும். நகலெடுத்தால் போதும், விஎல்சி அப்படியே ஓட்டும். ஒரு தட்டு 800 எம்பிக்குள் அடங்குவதால் நாற்பது தட்டு 32 ஜிபி. சாய நிறம் மங்கி, ஓரத்தில் ஊசித்துளை மாதிரி வெளிச்சம் தெரியும் தட்டுகளை முதலில் எடுங்கள். ஆடியோ கேசட் ஒரு மணி நேரம் தரம் குறையாத ஃபிளாக் வடிவில் 300 எம்பி. டேப் ரெக்கார்டரின் இயர்ஃபோன் துளையிலிருந்து லேப்டாப்புக்கு ஒரு கம்பி, ஆடாசிட்டி மென்பொருள், கேசட் ஓடும் அளவு பொறுமை, இவை போதும். விஎச்எஸ்தான் அவசரம். உலகின் கடைசி விசிஆர் தயாரிப்பாளரான ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையோடு உற்பத்தியை நிறுத்திவிட்டது. ஓடுகிற விசிஆர் வைத்திருக்கும் பழைய வீடியோ கடைக்காரர் ஒவ்வொரு ஊரிலும் இன்னும் ஒருவர் இருவர் இருக்கிறார்கள். ஆண்டுக்கு ஆண்டு குறைகிறார்கள். மூன்று மணி நேரக் கல்யாண கேசட் நல்ல தரத்தில் மூன்று, நான்கு ஜிபிக்குள் அடங்கிவிடும். 320 ஜிபி டிஸ்க்கே ஒரு குடும்பத்துக்குத் தாராளம்.

சட்டம் என்ன சொல்கிறது என்று கேட்பவர்களுக்கு: காசு கொடுத்து எடுக்கச் சொன்ன வீடியோவுக்கு, வேறு ஒப்பந்தம் இல்லாதபோது, எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர் என்கிறது 1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு. ஆகவே கல்யாண வீடியோ கல்யாண வீட்டாருடையது. அதன் பின்னணியில் வீடியோகிராபர் ஒட்டிய சினிமாப் பாட்டு அவர்களுடையதாகாது. வீட்டுக்குள் பார்க்கும் வரை இது ஒரு பொருட்டில்லை. இசைத்தட்டுக்கும் திரைப்படத்துக்கும் வெளியான ஆண்டு முடிந்து 60 ஆண்டு உரிமை. 1956-இல் மறைந்த திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை வாழ்நாளில் வெளிவந்த இசைத்தட்டுகள் எல்லாம் அந்த எல்லையைத் தாண்டிவிட்டன. அவர் வாசித்த தோடியை டெல்டாவின் ஒவ்வொரு வீட்டுச் சர்வரும் வைத்துக்கொள்ளலாம், வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கட்சி. மாயவரத்துக்காரரான தியாகராஜ பாகவதரின் 1944 ஹரிதாஸும் அப்படியே. வேடிக்கை என்னவென்றால், படத்துக்கு உரிமை முடிந்தாலும் பாட்டெழுதியவர் மறைந்து 60 ஆண்டு என்ற தனிக் கணக்கு ஒன்று உண்டு. ஹரிதாஸுக்குப் பாட்டெழுதிய பாபநாசம் சிவன் மறைந்தது 1973. பொதுவிதிப்படி அவர் வரிகளுக்கு 2033 வரை ஆயுள். ஓடிடி செயலியில் பூட்டோடு இறங்கும் படத்தின் பூட்டை உடைப்பது 2012 திருத்தத்துக்குப் பிறகு குற்றம். அதை இந்தச் சர்வருக்குள் இழுக்காமல் இருப்பது நல்லது.

படிக்கிற பிள்ளை இருந்தால் கிவிக்ஸ் என்ற மென்பொருளையும் சேர்க்கலாம். ஒன்றரை லட்சம் கட்டுரைகளுக்கு மேல் உள்ள தமிழ் விக்கிப்பீடியாவை ஒரே கோப்பாக இறக்கி, இணையம் இல்லாமலே வீட்டுக் கைபேசிகளில் படிக்க வைக்கும். 1998 பொங்கலில் தொடங்கிய மதுரைத் திட்டத்தின் மின்னூல்களும், கல்கி போன்றோரின் நாட்டுடைமையான நூல்களும் இடத்தை அடைக்காதவை. தி. ஜானகிராமன் எழுத்துக்கு இன்னும் உரிமை இருக்கிறது, அதைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

இணையம் இல்லாமலே என்றேன். 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையேறியபோது பட்டுக்கோட்டை, பேராவூரணி, முத்துப்பேட்டை வட்டாரத்தில் செல்போன் கோபுரங்களும் மின்கம்பங்களும் சாய்ந்தன. சில ஊர்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் வரவில்லை. ஜெனரேட்டர் வைத்துச் செல்போனுக்குச் சார்ஜ் போட்டுக் கொடுத்தார்கள். அந்த மாதிரி நாளில் மீடியா சர்வர் வீட்டைக் காப்பாற்றும் என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் வீட்டு வைஃபையும் இணையமும் வேறு வேறு என்பதை அது காட்டும். வெளியே ஃபைபர் அறுந்து கிடந்தாலும் ரவுட்டருக்கும் லேப்டாப்புக்கும் இன்வர்ட்டரில் உயிர் இருக்கும் வரை உள்ளே எல்லாம் ஓடும். புயல் வரை போக வேண்டாம், ரோட்டுக்குப் பள்ளம் தோண்டும்போது ஃபைபர் அறுபடும் சாதாரண வாரத்துக்கே இது உதவும்.

எதிர்வாதங்களில் கனமானது டிஸ்க். பத்து ஆண்டு கிடந்த ஹார்ட் டிஸ்க்கை நம்பி ஒரே பிரதியை அதில் வைப்பது, கேசட்டைப் பூஞ்சைக்குக் கொடுப்பதைவிட மோசம். கேசட் மெதுவாகச் சாகும், டிஸ்க் ஒரே நாளில் போகும். சர்வர் காட்டுவதற்கு, காப்பதற்கு வேறு ஏற்பாடு வேண்டும். வெளி ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, நகலெடுத்து, அக்கா வீட்டிலோ மாமா வீட்டிலோ கொடுத்து வைத்து, ஆண்டுக்கு ஒரு முறை பொங்கலுக்குப் போகும்போது புதுப்பித்துக்கொள்ளலாம். இந்தத் திட்டத்தில் கைக்காசு போட வேண்டிய ஒரே இடம் இது, இங்கே கஞ்சத்தனம் கூடாது.

துபாயில் இருக்கும் மகன் அங்கிருந்தே பார்க்க முடியுமா என்பது அடுத்த கேள்வி. முடியும். ரவுட்டரில் வாசல் திறந்துவிடும் பழைய முறை ஆபத்தானது, பல இணைப்புகளில் அது வேலையும் செய்யாது. பல வீடுகள் ஒரே இணைய முகவரியைப் பகிர்ந்துகொள்ளும்படி நிறுவனங்கள் வைத்திருக்கின்றன. வயர்கார்டு அடிப்படையிலான டெயில்ஸ்கேல் போன்ற ஒன்றைச் சர்வரிலும் மகனின் போனிலும் போட்டால் இரண்டுக்கும் நடுவில் தனிப்பாதை கிடைக்கும். மகன் இருக்கும் நாட்டில் அத்தகைய சேவைகளுக்கு என்ன விதி என்று மட்டும் முன்கூட்டிப் பார்த்துக்கொள்ளட்டும்.

கடைசி எதிர்வாதம், வீட்டில் ஒருவருக்குத்தான் இது தெரியும் என்பது. அவர் வேலைக்குப் போய்விட்டால் பெட்டி மறுபடியும் பரண் ஏறும். ஆகையால் அம்மா ரிமோட்டில் இரண்டு அழுத்தில் பார்க்கும்படி இருக்கிறதா என்பதே சோதனை. அதற்கு மென்பொருளைவிடப் பெயர் வைப்பது முக்கியம். ‘ஏவிசெக்01’ என்றே கிடக்கும் கோப்பை எந்தச் சர்வராலும் கண்டுபிடித்துக் கொடுக்க முடியாது. ‘1996 தை, சின்ன அத்தை கல்யாணம், பாபநாசம்’ என்று யாராவது எழுத வேண்டும். பந்தியில் இலை போடுகிறவர் யார், மேடையில் இரண்டாவது தவில் யார், முகூர்த்தக்கால் நடும்போது குரல் மட்டும் கேட்கிறதே அது யாருடையது என்பதெல்லாம் பாட்டிக்கோ பெரியப்பாவுக்கோதான் தெரியும். லினக்ஸ் போடுவது ஒரு மதியம், விசிடி நகல் ஒரு வாரம். பாட்டியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு பெயர் கேட்டு எழுதும் வேலைக்குத்தான் பல மாதம் பிடிக்கும். அதை லேப்டாப் தயாராகும் வரை தள்ளிப்போடத் தேவையில்லை. டிவியில் விசிடி பிளேயர் ஓடுகிற வீட்டில் ஒரு நோட்டும் பேனாவும் இருந்தால் இன்றைக்கே தொடங்கலாம்.